நாரும் நீறும்

ஆங்கில அகராதியைப் புரட்டும் அன்பர்கள் அதில் 'காயர்', 'சுனாம்' என்னும் இரண்டு சொற்களைக் காணலாம். முன்னது தேங்காய்நாரையும் பின்னது சுண்ணாம்பையும் குறிக்கும். முதற்சொல் மலையாளக் கரையின் 'கயர்' என்பதிலிருந்து சென்றது. அதுவும் நம் 'கயிறும்' ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். மற்றது நம் சுண்ணத்தின் திரிபு. சுண்ணத்திற்கும் வடமொழிச் சூர்ணத்திற்கும் உள்ள உறவு யாது என்பது பற்றிப் புலவர்கள் வழக்காடுக. நாம் அவ்வழக்கினுட் புகவில்லை. கப்பலேறி வந்த வெள்ளையர் இவ்விரு பொருள்களுக்கும் நம்மவர் சொல்லையே கடன் கொண்டனர் என்ற அளவில் நிற்போம்.

நாரும் நீறும் நாம் வாழும் இத்தீவுகளின் வரலாற்றில் மிகுதியாக இடம்பெற்றவை. நாரைக் கைதிகள் அடித்தனர். நீற்றைக் கைதிகள் சுட்டனர். ஆயினும் அவ்விரண்டையும் மண்ணோடு சேர்த்துப் பிசைந்து, மெலிந்த மண்ணை வலிமையுறச் செய்யலாம் என்னும் எண்ணம் அக்காலத்து ஆட்சியாளர்க்கு எழுந்ததாகத் தெரியவில்லை. அவ்வெண்ணம் பழந்தமிழ்க் குடியானவனுக்கு ஒருவாறு தெரிந்திருந்தது. இன்றைய பொறியியலார்க்கு நன்கு தெரிந்திருக்கிறது. இவ்விரண்டிற்கும் இடையே கிடக்கும் கதையையே ஈண்டுக் கூற முயல்கிறோம்.

முதலில் மண்ணைப் பற்றிச் சில சொற்கள். அந்தமான் மலைகள் பெரும்பாலும் மணற்பாறையும் களிப்பாறையும் அடுக்கடுக்காக அமைந்தவை. களிப்பாறை மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து பொடிந்து களிமண்ணாகிறது. இங்கு ஆண்டிற்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னை மாநகர் பெறும் மழையைப்போல் இருமடங்கிற்கும் மேல். மே மாதத்தில் தொடங்கித் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் மாறி மாறிப் பொழிய, மலைச்சரிவுக் களிமண் நீரை உண்டு பருத்துக் குழைந்து சரியும். பிப்ரவரி, மார்ச்சுத் திங்களில் அதே மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சாலைக்காக மலையை வெட்டிய இடமெல்லாம் இதன் ஆட்டத்தைக் காணலாம். தாழ்நிலங்களிலோ அலையாத்திக் காடுகளின் சேறு. கால் வைத்தால் முழங்கால் வரை புதையும். இவ்விருவகை மண்ணின்மேல்தான் நம் வீடும், சாலையும், வரப்பும், கரையும் நிற்கவேண்டும்.

இத்தகைய மண்ணை ஆளும் வித்தையை நம் முன்னோர் ஏட்டில் எழுதி வைக்கவில்லை. காலால் மிதித்துக் கற்றுக்கொண்டனர். ஊர்ப்புறத்தில் மண்சுவர் வைப்பதைக் கண்ட முதியோர் நம்மிடையே உளர். மண்ணை வெட்டிக் குவித்து, நீர் விட்டு ஊறவைத்து, வைக்கோலை நறுக்கிப் போட்டு, இரண்டு மூன்று ஆட்கள் சேர்ந்து மிதிப்பர். மிதித்த மண்ணை மறுநாளும் மிதிப்பர். வைக்கோல் போடாத சுவர் காயும்போதே வெடிக்கும். போட்ட சுவர் வெடிப்பதில்லை. வைக்கோல் மண்ணைப் பிடித்து நிறுத்துகிறது என்பதே அவர்கள் தந்த விளக்கம். பொறியியல் நூல்கள் இன்று தரும் விளக்கமும் அதுவே. சொற்கள் சற்று நீளம்.

சுண்ணாம்பின் கதை வேறு. கடற்கரையூர்களில் கிளிஞ்சிலையும் உள்நாட்டில் சுண்ணாம்புக் கல்லையும் காளவாயிலிட்டுச் சுட்டு, நீர் தெளித்து நீற்றி, மணலோடு சேர்த்து அரைத்துச் சாந்தாக்கினர். கடுக்காய் ஊறிய நீரும் பனைவெல்லமும் அதிற் சேர்ந்தன. சென்னைச் சுண்ணாம்புப் பூச்சு பளிங்குபோல் மின்னுவதைக் கண்டு அயல்நாட்டார் வியந்து எழுதியதும், செட்டிநாட்டு வீடுகளின் சுவர்கள் இன்றும் கை வைத்தால் வழுக்குவதும் யாவரும் அறிந்தவை. ஆனால் சுவரின் மேற்பூச்சைக் காட்டிலும் நம் கருத்தை ஈர்ப்பது நிலத்தின் அடிப்படை. கல்லணையில் பெருங்கற்கள் காவிரி மணலில் புதைந்து நிற்க, இடையே களிமண் இட்டு அணை எழும்பியிருப்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் ஆராய்ந்தார். ஆழம் காணவொண்ணாத மணலில் அடிப்படை இடுவது எவ்வாறு என்பதைத் தாம் அம்முன்னோரிடமே கற்றதாக அவர் ஒப்புக்கொண்டார். காட்டனுக்குக் கற்பித்தவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

இவ்வறிவு நமக்கு மட்டும் உரியது என்று மார்தட்டிக் கொள்வதற்கும் இடமில்லை. இன்றைய பாக்தாதிற்கு அருகே அகர்கூப் என்னும் இடத்தில் மூவாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட செங்கற் கோபுரம் ஒன்று நிற்கிறது. செங்கல் வரிசைகளுக்கு இடையிடையே நாணற் பாய் விரித்து அதனைக் கட்டியிருக்கின்றனர். சீனத்தில் ஆன் மரபினர் பாலை நிலத்தில் எழுப்பிய நெடுஞ்சுவரில் நாணலும் தூறுகளும் மணலும் சரளையும் மாறி மாறி அடுக்கப்பட்டுள்ளன. கல் கிடைக்காத இடத்து மாந்தர் எங்கும் புல்லைத் தேடியிருக்கின்றனர்.

நாரும் நீறும் மண்ணில் செய்யும் வேலை யாது? களிமண் துகள்கள் மெல்லிய தகடுகள். அவற்றிடையே நீர் புகுந்தால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். நீற்றிய சுண்ணாம்பைக் கலந்தால், அதிலுள்ள கால்சியம் அத்தகடுகளைப் பிணைத்துத் திரளச் செய்கிறது. ஓரிரு நாளிலேயே பிசுபிசுத்த மண் பொலபொலவென்றாகி, மண்வெட்டியில் ஒட்டாமல் வரும். இது முதல் வேலை. இரண்டாவது வேலை மெதுவானது. சுண்ணாம்பின் காரத்தால் களிமண்ணிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் கரைந்து, சிமிட்டியை ஒத்த பசையாகி இறுகுகின்றன. இது வாரக்கணக்கில் அன்று, மாதக்கணக்கில், சில போது ஆண்டுக்கணக்கில் நடக்கும். மண்ணின் எடையில் நூற்றுக்கு 3 முதல் 8 பங்கு சுண்ணாம்பு பெரும்பாலும் போதும். களியே இல்லாத வெறும் மணலில் இதனைக் கொட்டிப் பயனில்லை. அங்குச் சுண்ணாம்புக்குத் துணைவரும் ஆள் இல்லை.

இவ்வாறு இறுகிய மண்ணுக்கு ஒரு குறை உண்டு. அது வலிது, ஆயினும் நொய்ம்மையும் உடையது. பாரம் மிகும்போது பொறுத்துப் பொறுத்து ஒரு நொடியில் பிளந்துவிடும். இங்குதான் நார் வேண்டப்படுகிறது. விரற்கடை அளவாக நறுக்கிய தேங்காய்நாரை நூற்றுக்கு ஒரு பங்கோ அதனினும் குறைவாகவோ கலந்தால், விரிசல் தோன்றும் இடத்தில் நார் குறுக்கே நின்று இழுத்துப் பிடிக்கிறது. மண் நசுங்கலாம், திடீரெனப் பிளப்பதில்லை. நீறு இறுக்கும், நார் இழுக்கும். ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புதலால் இவ்விரண்டையும் இணைத்துப் பேசுகிறோம்.

நார் மக்கிவிடாதோ எனின், மக்கும்; எல்லா நாரும் ஒருபடித்தாக மக்குவதில்லை. தேங்காய்நாரில் லிக்னின் என்னும் மரப்பசை நூற்றுக்கு 40 பங்கிற்கு மேல் உள்ளது. சணலில் அது மிகக் குறைவு. ஆதலால் சணல் ஓரிரண்டு ஆண்டில் மண்ணோடு மண்ணாகும் இடத்தில் தேங்காய்நார் அதனினும் பல மடங்கு காலம் நிற்கிறது. உப்புநீரையும் அது பொறுக்கும். அதனாலன்றோ பண்டை அராபியர் ஆணியின்றிக் கயிற்றாலேயே மரக்கலத்தைத் தைத்தனர். மாலத்தீவின் கயிறு கடல் கடந்து விலைபோயிற்று. சுண்ணாம்பின் காரம் நாரை நாளடைவில் அரிக்கும் என்பதும் உண்மையே. அதற்குள் மண் தன் காலில் நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இனி நம் தீவுகளுக்கு வருவோம். முதலாம் இராசேந்திர சோழனின் தஞ்சைக் கல்வெட்டு மாநக்கவாரத்தைக் குறிப்பிடுகிறது; 1025-ஆம் ஆண்டளவில் அவன் கடற்படை சென்ற வழியில் உள்ள நிக்கோபாரே அது. போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றப்பட்டது. ஆனால் இங்குக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு ஊர் எழுப்பும் முயற்சி ஆங்கிலேயரோடு தொடங்கியது. 1789-இல் ஆர்ச்சிபால்டு பிளேர் சாத்தம் தீவில் குடியேற்றம் அமைத்தார். 1792-இல் அது வட அந்தமானுக்கு மாற்றப்பட்டு, நோய் வாட்டியதால் 1796-இல் கைவிடப்பட்டது. பின்னர் 1858 மார்ச்சு 10-ஆம் நாள் மருத்துவர் வாக்கர் 200 கைதிகளோடு வந்து இறங்கினார். காட்டை அழித்தவரும், கல் உடைத்தவரும், சேற்றில் நின்று கரை போட்டவரும் கைதிகளே. வடநாட்டாரோடு சென்னை மாகாணத்துக் கைதிகளும் அக்கூட்டத்தில் இருந்தனர்.

கட்டடத்திற்குச் சுண்ணாம்பு வேண்டும். பக்கத்திலேயே பவழப்பாறை கடலெங்கும் கிடந்தது. அதனைப் பெயர்த்தெடுத்துக் காளவாயில் சுட்டனர். பவழப்பாறை கால்சியம் கார்பனேட்டே. 900 பாகை அளவு வெப்பத்தில் அது கரிவளியை விட்டுச் சுட்ட சுண்ணாம்பாகும். நூறு மணங்கு பாறை சுட்டால் 56 மணங்கு சுண்ணாம்பு. எரிக்க விறகோ வேண்டிய மட்டும் காட்டில் இருந்தது. டண்டாஸ் முனையில் செங்கற் சூளைகள் எழுந்தன. அவற்றின் இடிபாடுகளை இன்றும் காணலாம். ராஸ் தீவின் மாளிகைகளும், மாதாகோவிலும், படைவீடுகளும் இவ்வாறு எழுந்தன. ஓர் அங்குலம் வளரப் பவழத்திற்கு எத்தனை ஆண்டு ஆகும் என்பதை அந்நாளில் கணக்கிட்டவர் இலர். அலையின் வேகத்தைத் தடுத்துக் கரையைக் காப்பது அப்பாறையே என்பதை எண்ணிப் பார்த்தவரும் இலர். கரையைக் காப்பதைப் பெயர்த்துக் கரைமேல் வீடு கட்டிய வேடிக்கையை என்னென்பது!

நாரின் கதை இதனினும் கொடிது. 1896-இல் தொடங்கி 1906-இல் முடிவுற்ற செல்லுலார் சிறையில், நடுக்கோபுரத்திலிருந்து ஏழு கிளைகள் விரிய, ஒவ்வொரு கைதியும் தனித்தனி அறையில் அடைபட்டான். செக்கிழுத்தலும் நாரடித்தலும் அங்கு அன்றாடப் பணிகள். செக்கில் நாளொன்றுக்கு 30 ராத்தல் தேங்காயெண்ணெய் ஆட்டவேண்டும் என்று விதித்திருந்தனர் என்பது பலரும் கேட்ட செய்தி. நாரடித்தல் அதற்கடுத்த தண்டனை. காய்ந்த மட்டையைக் கட்டையின்மேல் வைத்துக் கொட்டாப்புளியால் அடித்து, மேல்தோலை உரித்து, சோறு உதிருமட்டும் மீண்டும் அடித்து, நாரை வெயிலில் உலர்த்தி, மாலையில் நிறுத்துக் காட்டவேண்டும். பழக்கமில்லாத கைகள் முதல் நாளே கொப்புளித்துக் குருதி கசியும். வங்கத்துப் புரட்சி வீரர் பாரீந்திரகுமார் கோஷ் தம் நினைவு நூலில் இதனை விரித்துரைத்துள்ளார், சாவர்க்கரும் எழுதியுள்ளார். நிறை குறைந்தால் கைவிலங்கு, நின்றபடி தண்டனை. 1933-ஆம் ஆண்டின் உண்ணாநோன்பில் மகாவீர் சிங், மோகன் கிசோர் நாமதாசு, மோகித் மொய்த்ரா ஆகிய மூவர் உயிர் நீத்தனர்.

அவ்வாறு அடித்த நார் கயிறாகித் திரிந்தது. காளவாயில் சுட்ட நீறு சுவருக்குச் சென்றது. ஒரே குடியேற்றத்தில், ஒரே கைதிகளின் உழைப்பில் விளைந்த இரண்டும் மண்ணில் ஒன்றுசேரவில்லை. மழைதோறும் சரிந்த சாலைகளை மீண்டும் மீண்டும் மண்ணிட்டு நிரப்பக் கைதிகளின் கைகள் விலையின்றிக் கிடைத்தபோது, வேறு வழி தேடும் தேவை ஆள்வோர்க்கு எங்ஙனம் தோன்றும்?

ராஸ் தீவுக்குப் படகேறிச் செல்வோர் அங்கு ஒரு காட்சியைக் காண்பர். 2018 முதல் அதன் பெயர் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் தீவு. 1941 சூன் 26-ஆம் நாள் ஏற்பட்ட பெருநிலநடுக்கத்தாலும், 1942 முதல் 1945 வரை நடந்த சப்பானியர் ஆட்சியாலும் சிதைந்த அம்மாளிகைகளில் கூரை இல்லை, தளம் இல்லை. ஆல், அத்தி இனத்து மரங்களின் வேர்கள் சுவரைச் சுற்றிப் பின்னி வளர்ந்திருக்கின்றன. வேர் சுவரைப் பிளந்தது என்பர், அது மெய். ஆனால் பல இடங்களில் சாந்து உதிர்ந்தபின்னும் செங்கல் விழாமல் நிற்பது அவ்வேரின் பிடியாலன்றி வேறெதனால்? திட்டமிட்டு எவரும் செய்யாத ஒன்றை இயற்கை அங்குச் செய்து காட்டியிருக்கிறது.

கைதிகள் காலத்திலும் அதன் பின்னரும் இங்கு அலையாத்திச் சேற்றுக்குக் குறுக்கே கரை போட்டு, கடல்நீரைத் தடுத்து, நெல் விளைத்தனர். சிப்பிகாட் பகுதியை அறிந்தவர்களுக்கு நாம் அதிகம் சொல்லவேண்டுவதில்லை. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் காலையில் நிலம் நடுங்கியது. பின் ஆழிப்பேரலை வந்தது. அலை வந்து திரும்பியது. ஆனால் நிலம் திரும்பவில்லை. தென் அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. பெரிய நிக்கோபாரின் இந்திரா முனை 4.25 மீட்டர் தாழ்ந்து, கலங்கரை விளக்கின் அடி கடலில் நின்றது. வட அந்தமானின் மேற்குக் கரையிலோ நிலம் உயர்ந்து, பவழப்பாறை வெயிலில் காய்ந்து மாண்டது. சிப்பிகாட்டில் வயலாயிருந்த நிலம் உப்புநீர் நிற்கும் கழியாயிற்று. தென்னையும் பாக்கும் நின்றவாறே பட்டுப்போயின. கச்சாலில் இரப்பர்த் தோட்டத்தை நம்பி வாழ்ந்த நம் மக்களை நினைக்க நெஞ்சம் நடுங்கும். சிறிமாவோ–சாத்திரி உடன்பாட்டின்படி இலங்கையை விட்டு வந்து, இங்கே இரண்டாம் முறை வாழ்வைத் தொடங்கியவர்கள் அவர்கள். பெரிய நிக்கோபாரில் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் குடியேறிய கரையோரச் சாலையும் அலையில் சிதைந்தது.

நிலமே தாழ்ந்தால் எந்த நாரும் நீறும் அதனைத் தூக்கி நிறுத்தா. இதனை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆனால் தாழ்ந்த நிலத்தைச் சுற்றி மீண்டும் கரை எழுப்பவேண்டிய இடங்களிலும், மலையை வெட்டி உயரத்தில் புதுக் குடியிருப்பும் சாலையும் அமைக்கும் இடங்களிலும், எதைக் கொண்டு கட்டுவது? உச்சநீதிமன்றம் 2002 மே திங்களில் பிறப்பித்த ஆணையின்படி இங்குக் கடற்கரை மணலை எடுப்பது படிப்படியாகக் குறைக்கப்பட்டது. பவழங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் உள்ளன. அவற்றைத் தொடவே கூடாது. இரண்டும் முறையான கட்டுப்பாடுகள். கரையை இழந்து வீடு கட்டுவது எவ்வளவு பேதைமை என்பதை 2004 காட்டிவிட்டது. ஆதலால் சிமிட்டியும் கம்பியும் போலவே சுண்ணாம்பும் தாய்நாட்டிலிருந்து கப்பலில்தான் வரவேண்டும். அங்ஙனம் வருவதில் சிக்கனம் தேடுவோர்க்கு ஒன்று சொல்வோம். மூட்டை மூட்டையாகச் சுமந்து வந்து கட்டும் பெருஞ்சுவரைக் காட்டிலும், கிடைக்கும் களிமண்ணோடு சில பங்கு சுண்ணாம்பு கலந்து இறுக்குவதற்குக் குறைந்த சுமையே போதும். நாரோ இங்கேயே உள்ளது.

உலகில் இவ்வழி புதியதன்று. சணல் துணியைச் சாலைக்கடியில் விரிக்கும் முயற்சி 1920-களில் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரிலும், 1934-இல் கல்கத்தாவின் ஸ்டிராண்டு சாலையிலும் நடந்தது. களிமண் சாலைக்குச் சுண்ணாம்பு கலக்கும் முறை 1940-களில் அமெரிக்காவின் டெக்சாசில் பெருகியது. நம் நாட்டில் 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழித் தோன்றிய கயிறு வாரியம், ஆலப்புழைக்கு அருகே கலவூரில் ஆய்வுநிலையம் நடத்துகிறது. தேங்காய்நாரை வலையாகப் பின்னி மண்ணின்மேல் விரிக்கும் முறைக்குக் கேரளத்தார் 'பூவஸ்திரம்' என்று பெயரிட்டுள்ளனர். மண்ணாடை என்று நாம் சொல்லலாம். ஊரக வேலை உறுதித் திட்டத்தின்கீழ் அங்குத் தோடுகளின் கரைகளிலும் குளக்கரைகளிலும் அதனை விரித்துப் புல் நட்டனர். புல் வேரூன்றும் வரை ஆடை காக்கும். வேரூன்றியபின் ஆடை மக்கி உரமாகும். 2020-இல் பிரதமரின் ஊரகச் சாலைத் திட்டத்தில் இவ்விரிப்புக்கு ஒப்புதல் கிடைத்தது. ஆந்திரம், குசராத்து, கேரளம், மகாராட்டிரம், ஒடிசா, தமிழ்நாடு, தெலங்கானா ஆகிய ஏழு மாநிலங்களில் 1674 கிலோமீட்டர்ச் சாலைக்கு அதனை இடத் திட்டமிட்டனர். தமிழ்நாட்டின் பங்கு 369 கிலோமீட்டர். நாரடித்து நாரடித்துக் கை புண்ணான நம் தீவுகளின் பெயர் அப்பட்டியலில் இல்லை.

ஆர்வம் மிக்க இளைஞர்கள் இதைப் படித்தவுடன் சுண்ணாம்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு அலையாத்திச் சேற்றிற்கு ஓடவேண்டா. அச்சேற்றில் கந்தகம் கலந்த இரும்புக்கனிமம் மிகுதி. நீர் வடிந்து காற்றுப் படும்போது அது அமிலமாகும். நாம் இடும் சுண்ணாம்பை அவ்வமிலமே தின்றுவிடும். போதாக்குறைக்கு, சல்பேட்டு மிக்க மண்ணில் சுண்ணாம்பு சேர்ந்தால் மண் இறுகாமல் பருத்து வெடிப்பதும் உண்டு. மக்கிய இலைதழை மிக்க மண்ணிலும் சுண்ணாம்பு எளிதில் வேலை செய்யாது. எனவே மண்ணைச் சோதித்தபின்னரே கலவை. கடற்கரையில் கிடக்கும் பவழ மணலையே கலந்தால் ஆகாதோ என்று சிலர் வினவுவர். ஆகாது, அது சுடாத சுண்ணாம்பு. தீயிற் புகாத வரையில் அதற்கு அக்காரம் வாராது.

நீறு செல்லாத அத்தகைய இடத்தில் நார் மட்டும் போதும் என்பதே நம் எண்ணம். சாலையோர மலைச்சரிவிலும், வீட்டின் பின்புறம் வெட்டிய மேட்டிலும், நார்விரிப்பை மூங்கில் முளையடித்து இறுக்கி, வெட்டிவேரோ உள்ளூர்ப் புல்லோ நட்டால், ஒரு மழைக்காலத்தில் விளைவு கண்ணுக்குத் தெரியும். விரிப்பை மேலும் கீழும் அரையடி ஆழத்தில் மண்ணுக்குள் புதைக்கவேண்டும். இல்லையேல் நீர் அடியில் புகுந்து மண்ணை அரித்துக்கொண்டு போகும், விரிப்பு மேலே தொங்கும். நிக்கோபார் முழுவதும் தென்னை. கொப்பரை எடுத்தபின் மட்டை தோப்பிலேயே குவிந்து கிடக்கிறது. மட்டையை ஊறவைக்க ஓடைநீர் உண்டு. பிரிக்கும் பொறிகள் பொள்ளாச்சிப் பக்கத்தில் ஊர்தோறும் ஓடுகின்றன. கொட்டாப்புளி எவர் கையிலும் ஏறவேண்டியதில்லை.

சங்கத்து அன்பர்களுள் சாலைப் பணியிலும் வேளாண் ஆராய்ச்சியிலும் உள்ளோர் பலர். வரும் மே மாதத்து முதல் மழைக்கு முன், சரியும் மேடு ஒன்றைத் தேர்ந்து, பாதியை நார் விரித்தும் மறுபாதியை வெறுமனே விட்டும், டிசம்பரில் இரண்டின் அடியிலும் சேர்ந்த மண்ணைக் கூடையால் அளந்து பார்க்க அவர்களை வேண்டுகிறோம். அளந்த கணக்கை அடுத்த ஆண்டு மலரில் வெளியிட இடம் ஒதுக்குமாறு மலர்க்குழுவினரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறோம்.